நீங்க என்ன சாப்பிட மாட்டீங்க?

(பாட்காஸ்ட் உரையின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் டேட்டாபேஸ் இண்டெக்ஸ் பத்தி ஐம்பது நிமிஷம் மூச்சு விடாம பேசினேன். அதுக்கு வந்த ஒரே உருப்படியான பதில், "அண்ணா, பசிக்குது, அடுத்த தடவை சாப்பாட்டைப் பத்திப் பேசுங்க." சரி, பேசிடுவோம்.

பண்டிகைச் சாப்பாடு. அதை விக்கிற சந்தைகள். இடம் சிங்கப்பூர். நான் இங்க வேலைக்கு வந்து அஞ்சு வருஷம் ஆகுது. 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த ஊர்க் குடியிருப்பாளர்கள்ல சீனர்கள் 74 சதவீதம், மலாய்க்காரங்க 13.5, இந்தியர்கள் 9. அதனால வருஷம் பூரா யாரோ ஒருத்தருக்கு ஏதோ ஒரு பண்டிகை வந்துகிட்டே இருக்கும். சீனப் புத்தாண்டுன்னா சைனாடவுன், ரமலான்னா கேலாங் சிராய், தீபாவளின்னா லிட்டில் இந்தியா. மூணு இடமும் ரயில்ல ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள. சாப்பாட்டுப் பிரியனுக்கு இதைவிட என்ன வேணும்னு தோணும். எனக்கும் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. போட்டோ, ரீல்ஸ், வயிறு முட்டச் சாப்பாடு.

ஆனா ஒரு விஷயம் மெதுவாப் புரிஞ்சுது. சந்தையில நின்னு அடுத்தவங்க சாப்பாட்டை ரசிக்கிறது ரொம்ப சுலபம். அஞ்சு வெள்ளி குடுத்தா முடிஞ்சுது. அந்தச் சாப்பாட்டோட ஒரு மனுஷன் வர்றான். அவன் சிலது சாப்பிடுவான், சிலது சாப்பிட மாட்டான். அவன் வீட்டுல சமைச்சா வாசனை நம்ம வீடு வரைக்கும் வரும். அதுக்கு நாம என்ன பண்றோம்? இன்னைக்குப் பேச்சு அதைப் பத்தித்தான். ஆனா மொதல்ல வடை.

கேலாங் சிராய் மலாய்க்காரங்களோட பழைய பகுதி. சிராய்னா மலாய்ல எலுமிச்சைப்புல். ஒரு காலத்துல அங்க எலுமிச்சைப்புல் தோட்டங்கள் இருந்ததால அந்தப் பேர்னு சொல்வாங்க. ரமலான் மாசம் வந்தா அங்க ராத்திரிச் சந்தை. பாய லேபார் ஸ்டேஷன்ல இறங்கினாலே புகை வாசனை கூப்பிடும். கறி சுடுற புகை, பர்கர் கல்லுல முட்டை பொரியற சத்தம், தொண்டை கட்டினவங்க மாதிரிக் கூவுற பசங்க. அந்தக் கூட்டத்துல நீளமா ஒரு வரிசை நிக்கும். எதுக்குன்னு எட்டிப் பார்த்தா, வடை. எழுதியிருக்கிறதும் 'வடை'ன்னுதான், ரோமன் எழுத்துல.

நம்ம ஊர் வடைன்னு நினைச்சு கடிச்சீங்கன்னா ஏமாந்துருவீங்க. உள்ளே பன் மாதிரி மெத்துன்னு இருக்கும், வெங்காயம் தெரியும், மேல ஒரு முழு இறால் ஓட்டோட உக்காந்திருக்கும். கூட ஒரு பச்சை மிளகாய் குடுப்பாங்க. வடை ஒரு கடி, மிளகாய் ஒரு கடி. இதைத் தமிழ்நாட்டுல எங்க அம்மாகிட்ட காமிச்சா, "இது வடையா?"ன்னு கேப்பாங்க. இங்க ஒரு மலாய்ப் பாட்டிகிட்ட நம்ம மெதுவடையைக் காமிச்சா, "இறால் எங்க?"ன்னு கேப்பாங்க. ரெண்டு கேள்வியும் நியாயம்தான். தமிழ்ப் பேரோட வந்த ஒரு பலகாரம் இன்னொருத்தரோட நோன்புச் சந்தையில ஊர்க்காரன் ஆயிடுச்சு.

அதே சந்தையில கத்திரான்னு ஒரு பானம் உண்டு. பால், சிரப்பு, பேரீச்சை, சப்ஜா விதை, ஊறி உப்பின பிசின். முதல் வாய் குடிச்சதும் மதுரைக்காரன் யாரா இருந்தாலும் அடுத்த நொடி ஜிகர்தண்டாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சுருவான். நானும் பேசினேன். கடைக்காரர் ரொம்பப் பொறுமையாக் கேட்டுட்டு, "டூ டாலர்"னார்.

இந்தச் சந்தையில நான் கவனிச்ச ஒண்ணைச் சொல்லணும். அங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க நோன்பு. விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்டது. தண்ணிகூடக் குடிக்கல. அந்த வெயில்ல, அந்தச் சூட்டுல, உப்பு சரியா இருக்கான்னு வாயில வச்சுப் பார்க்காம, கைக்கணக்குல மசாலா போடறாங்க. நாம அவங்க முன்னாடி நின்னு ஊதி ஊதிச் சாப்பிடறோம். யாரும் தப்பாச் சொல்ல மாட்டாங்க, நோன்பில்லாதவங்களுக்கும் தாராளமா விப்பாங்க. இருந்தாலும் மக்ரிப் வரைக்கும், அதாவது ஏழேகால், ஏழரை மணி வரைக்கும், வாங்கினதைப் பையில வச்சுக்கிட்டுக் காத்திருக்கிற கூட்டத்தோட நாமளும் காத்திருந்து பாருங்க. பாங்கு சத்தம் கேட்டதும் அவ்வளவு பெரிய சந்தையும் ஒரு நிமிஷம் தணிஞ்சு, எல்லார் கையும் பேரீச்சம்பழத்துக்குப் போகும். அந்த வடைக்கு அப்ப இருக்கிற ருசி வேற.

இப்ப சைனாடவுன் போகலாம். அங்கயும் ஒரு நோன்புச் சாப்பாடு இருக்கு. சைனாடவுன்லயான்னு கேட்காதீங்க, ஆமா, சைனாடவுன்லதான்.

சவுத் பிரிட்ஜ் சாலையில ஜாமியா சூலியா பள்ளிவாசல் இருக்கு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், அதாவது சூலியாக்கள், 1826ல ஆரம்பிச்சது. அங்கிருந்து சில அடி நடந்தா ஸ்ரீ மாரியம்மன் கோவில், 1827. பள்ளிவாசலை ஒட்டின தெருவுக்கு மாஸ்க் ஸ்திரீட்டுன்னு பேர். கோவிலை ஒட்டி ஒரு பக்கம் டெம்பிள் ஸ்திரீட், இன்னொரு பக்கம் பகோடா ஸ்திரீட். நம்ம பக்கோடா இல்ல, நானும் முதல்ல அப்படித்தான் ஆசைப்பட்டேன். மாரியம்மன் கோவில் கோபுரத்தைப் பார்த்து வெள்ளைக்காரங்க பகோடான்னு சொன்னதுல வந்த பேர் அது. சீனப் புத்தாண்டுக்கு சிவப்பு விளக்கு தொங்கவிட்டு, சுட்ட பன்றி இறைச்சி, டேஞ்சரின் ஆரஞ்சு, தர்பூசணி விதைன்னு விக்கிற, எல்லா டூரிஸ்ட்டும் போட்டோ எடுக்கிற தெரு, நம்ம மாரியம்மன் கோபுரத்தோட பேர்லதான் நிக்குது.

ரமலான் மாசம் அந்தப் பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி காய்ச்சுவாங்க. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, பட்டை லவங்கம், புதினா மல்லி, தேங்காய்ப்பால், கொஞ்சம் கொத்துக்கறி. தஞ்சாவூர்லயோ ராமநாதபுரத்துலயோ வளர்ந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்ல. மதம் பாக்காம தூக்குவாளி எடுத்துட்டுப் போய் நின்ன பிள்ளைகள் இந்த எபிசோடைக் கேட்டுட்டிருப்பீங்க. எனக்கும் உடம்பு சரியில்லாத நாள்ல பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்திருக்கு. இங்க வரிசையில தமிழ் பேசுறவங்க, மலாய் பேசுறவங்க, பக்கத்து ஆபீஸ்ல இருந்து ஐடி கார்டு தொங்கவிட்டு வந்தவங்க, எல்லாரும் நிப்பாங்க. ஒரு தடவை ஒரு சீனத் தாத்தா எனக்கு முன்னாடி நின்னார். வருஷா வருஷம் வருவாராம். "வயித்துக்கு நல்லது"ன்னு வயித்தைத் தட்டிக் காமிச்சார். அவ்வளவுதான் அவரோட உணவு விமர்சனம்.

கஞ்சி வாங்கப் போற நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. பல பள்ளிவாசல்கள்ல கஞ்சி உண்டு, ஒவ்வொரு இடத்துலயும் கறி மாறும். ஆட்டுக்கறியா, கோழியா, மாட்டுக்கறியான்னு கேட்டுக்கங்க. கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. "பீஃப் இருக்கு, நீங்க எடுக்காதீங்க"ன்னு அவங்களே கையைத் தடுத்ததை நான் பார்த்திருக்கேன். எனக்கு அந்தக் கை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

பலகாரத்துக்கு வரலாம். சிங்கப்பூர்ல சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு இருக்கு. ஜனவரியில அது சீனக் கடைகள்ல அன்னாசி டார்ட்டோட நிக்கும். ஹோக்கியன் மொழியில அன்னாசியோட பேர் 'செல்வம் வருது'ன்னு காதுல விழுமாம், அதனால புத்தாண்டுக்கு அது இல்லாம ஆகாது. கொஞ்ச மாசத்துல அதே டப்பா, அதே அன்னாசி டார்ட், கேலாங் சிராய்ல ஹரி ராயா பலகாரமா. தீபாவளிக்கு அதே சிவப்பு மூடிக்குள்ள முறுக்கு. டப்பா கம்பெனிக்காரன்தான் இந்த ஊர்ல உண்மையான மதச்சார்பற்றவன்.

டப்பாவை விடுங்க, உள்ளே இருக்கிறதும் ஊர் சுத்துது. அச்சு முறுக்கை எடுத்துக்குங்க. பூ மாதிரி இரும்பு அச்சை மாவுல முக்கி எண்ணெயில விடுவோமே, அது. மலாய்க்காரங்க அதை குவே லோயாங்னு ஹரி ராயாவுக்குச் சுடறாங்க. சீனர்கள் தேன்கூடு பிஸ்கட்டுன்னு புத்தாண்டுக்கு வாங்கறாங்க. நம்ம ஊர்ல கிறிஸ்தவ வீடுகள்ல கிறிஸ்துமஸுக்கு அது இல்லாம இருக்குமா? ஒரே அச்சு, நாலு பண்டிகை. இது எங்க ஊர்ப் பலகாரம்னு அவங்கவங்க அடிச்சுச் சொல்வாங்க. நான் நடுவுல போறதில்ல.

இங்கதான் ஒரு சின்னச் சிக்கல். பார்க்க ஒரே மாதிரி இருக்கு, ஆனா ஒருத்தர் டப்பா இன்னொருத்தர் வீட்டுக்கு அப்படியே போயிடாது. சீன வீட்டுல சுட்ட டார்ட்ல பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கலாம், சேர்க்காட்டாலும் அந்த அடுப்படியில பன்றி இறைச்சி சமைச்சிருப்பாங்க. முஸ்லிம் பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கத் தயங்குவார். டார்ட்ல முட்டை இருக்கும், சுத்த சைவம் சாப்பிடறவர் தொட மாட்டார். அதனால இந்த ஊர்ல பல வருஷமா யாரும் எழுதி வைக்காத ஒரு ஏற்பாடு ஓடுது. முஸ்லிம் வீட்டுக்குக் குடுக்கிறதா இருந்தா ஹலால் முத்திரை போட்ட கடையில தனியா வாங்குவாங்க. இல்லாட்டி ரெண்டு ஆரஞ்சு. பழத்துக்கு மதம் இல்ல, முட்டை இல்ல. ஹலால் முத்திரையை 'முயிஸ்'னு சொல்ற இஸ்லாமிய சமய மன்றம் 1978ல இருந்து குடுக்குது. பலருக்கு அது வெறும் ஸ்டிக்கர். எனக்கு அது, சேர்ந்து உக்காந்து சாப்பிடறதுக்கான நுழைவுச்சீட்டு மாதிரித் தெரியுது.

இதை நான் நல்லாப் பார்த்தது இந்த வருஷம் எங்க ஆபீஸ்ல.

2026ல சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. அதே வாரத்துல ரமலானும் ஆரம்பிச்சிருச்சு. இஸ்லாமிய ஆண்டு நம்ம காலண்டரைவிடப் பதினோரு நாள் போலக் குறைவு, அதனால பண்டிகைகள் நகர்ந்துகிட்டே இருக்கும். 1996லிருந்து 1998 வரை சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் ரெண்டு மூணு நாள் இடைவெளியில வந்துச்சு. 2004லிருந்து 2006 வரை தீபாவளியும் நோன்புப் பெருநாளும் அப்படி ஒட்டி வந்துச்சு, 'தீபராயா'ன்னே பேர் வச்சாங்க. ரெண்டு கொண்டாட்டம் சேர்ந்து வந்தா ஜாலி. ஆனா ஒருத்தருக்குக் கொண்டாட்டமும் இன்னொருத்தருக்கு நோன்பும் சேர்ந்து வந்தா?

சீனப் புத்தாண்டுக்கு ஆபீஸ்கள்ல லோ ஹே உண்டு. பெரிய தட்டுல துருவின கேரட், முள்ளங்கி, ஊறுகாய் இஞ்சி, பொமெலோ, நிலக்கடலைத் தூள், எள், மொறுமொறு பிஸ்கட், மேல பச்சை சால்மன் துண்டு, பிளம் சாஸ். எல்லாரும் சுத்தி நின்னு குச்சியால அள்ளி மேல தூக்கிப் போடணும். எவ்வளவு உயரம் போகுதோ அவ்வளவு செல்வம். கத்தணும், மேசை நாசமாகணும். இந்த நவீன வடிவத்தை 1964ல சிங்கப்பூர்ல நாலு சமையல்காரங்க சேர்ந்து உருவாக்கினதா இங்க சொல்வாங்க. மலேசியாவுல வேற கதை சொல்வாங்க. அந்தச் சண்டை தோசை இட்லிச் சண்டையைவிடப் பெருசு.

எப்பவும் மதியம் பன்னெண்டரைக்கு நடக்கும். எங்க டீம்ல பதினாலு பேர். அதுல மூணு பேர் நோன்பு. டெஸ்டிங்ல இருக்கிற மலாய் அக்கா ஒருத்தங்க, நாங்க 'கக்'னு கூப்பிடுவோம், முதல்லயே சொல்லிட்டாங்க: "நீங்க மதியமே பண்ணுங்க, நான் வந்து பக்கத்துல நிக்கறேன், எனக்கு ஒண்ணுமில்ல." அவங்க நிஜமாத்தான் சொன்னாங்க, எங்களுக்கும் அதுல குத்தம் தெரியல. ஆனா எங்க டீம் லீட், சீனர், அதிகம் பேசாத ஆள், குரூப்ல ஒரே ஒரு கேள்வி போட்டார். "எல்லாரும் சொல்லுங்க, நீங்க என்ன சாப்பிட மாட்டீங்க?"

என்ன சாப்பிடறீங்கன்னு கேட்கல, கவனிங்க. பதில் வந்து குவிஞ்சுது. ஹலால் மட்டும், மூணு பேர். மாட்டுக்கறி வேண்டாம், நாலு பேர். பச்சை மீன் பயம், ஒருத்தன். கடலை அலர்ஜி, ஒருத்தி. ரெண்டு வருஷம் பக்கத்து சீட்ல உக்காந்திருக்கா, எங்க யாருக்கும் தெரியாது. சேலத்துத் தம்பி ஒருத்தன், "அண்ணா, நான் எல்லாம் சாப்பிடுவேன், ஆனா செவ்வாய் வெள்ளி கவுச்சி கிடையாது"ன்னான். பார்த்தா லோ ஹே வெள்ளிக்கிழமை. அதையும் அந்த மனுஷன் பட்டியல்ல ஏத்தினார். எங்க ப்ராஜெக்ட் எதுலயும் ரிக்வயர்மென்ட் இவ்வளவு ஒழுங்கா எடுத்து நான் பார்த்ததில்ல.

பிப்ரவரி 27, வெள்ளி. நேரம் மதியத்திலிருந்து ராத்திரிக்கு மாறிடுச்சு. ஒரு பெரிய தட்டு ஹலால் கடையிலிருந்து, ஒரு சின்னத் தட்டு மீனில்லாம, கடலைத் தூள் ரெண்டுலயும் தனிப் பொட்டலமா. ஏழு மணிக்கு பான்ட்ரியில எல்லாரும் கூடிட்டோம். தட்டு விரிச்சாச்சு. யாரும் தொடல. ஏழு பத்து, ஏழு பதினஞ்சு. பதினாலு பேர் ஒரு சாலட்டைச் சுத்தி நின்னு சும்மா பார்த்துட்டிருந்தோம். கக்கோட போன்ல பாங்கு ஒலிச்சுது. அவங்க பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்து முதல்ல லீட்கிட்ட நீட்டினாங்க. அவர் ஒண்ணு எடுத்தார், வரிசையா எல்லாரும் எடுத்தோம். தண்ணி குடிச்சாங்க. அப்புறம் குச்சியை எடுத்தோம் பாருங்க, அந்த பான்ட்ரி சீலிங்ல இன்னும் ஒரு கேரட் துருவல் ஒட்டியிருக்கு.

லீட் வீட்டுல அவங்க அம்மா வருஷா வருஷம் அன்னாசி டார்ட் சுடுவாங்க. பிரமாதமா இருக்கும், பன்றி நெய் போட்டது. அன்னைக்கு அதை அவர் எடுத்துட்டே வரல. ஆரஞ்சு மட்டும் கொண்டுவந்தார். திங்கட்கிழமை காலையில, சாப்பிடறவங்க மேசையில மட்டும் ஆளுக்கு ஒரு சின்ன டப்பா இருந்துச்சு, சிவப்பு மூடி. இதைப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசல. ஒற்றுமைன்னு ஒரு ஸ்லைடுகூடப் போடல.

சந்தைக்குத் திரும்பினா, அங்க நிலைமை இவ்வளவு அழகா இல்ல. கேலாங் சிராய்ல ஒரு சீசனுக்குக் கடை வாடகை அஞ்சு இலக்கத்துல போறது பத்திரிகைகள்ல அடிக்கடி வர்ற செய்தி. அவ்வளவு வாடகை குடுத்துட்டு ஒரு அம்மா குவே வித்து எப்படி மீள முடியும்? அதனால பார்க்கப் பளபளன்னு இருக்கிற, அதிக விலைக்கு விக்கக்கூடிய சாப்பாடு உள்ளே வருது. சீஸ் ஊத்தின உருளைக்கிழங்கு, வானவில் கலர்ல ஏதோ ஒண்ணு. 2018 வாக்குல இதைப் பத்திப் பெரிய வாக்குவாதமே நடந்துச்சு, இது நோன்புச் சந்தையா, ஹிப்ஸ்டர் சந்தையான்னு. சீஸ் உருளைக்கிழங்கு மேல எனக்கு விரோதம் இல்ல, தின்னிருக்கேன். ஆனா மூணு பண்டிகைச் சந்தையிலயும் அதே சீஸ் உருளைக்கிழங்குன்னா மூணு சந்தை எதுக்கு? வீட்டுல சுடற அம்மாக்கள் வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்கப் போயிட்டாங்க. நான் இப்ப பலகாரத்துக்கு அவங்ககிட்டதான் போறேன், சந்தைக்குக் கூட்டம் பார்க்கப் போறேன்.

இப்ப வாசனை.

நான் முதல் தடவை இங்க வாடகைக்கு ரூம் தேடினப்போ, போன்ல ஏஜென்ட் கேட்ட ரெண்டாவது கேள்வி: "குக்கிங் உண்டா?" உண்டுன்னேன். "லைட் குக்கிங் மட்டும். நூடுல்ஸ் வேக வைக்கலாம். கறி கூடாது." சில விளம்பரங்கள்ல இன்னும் நேராவே, இந்தியர்கள் வேண்டாம்னு போட்டிருக்கும். அந்த வாரம்தான் லிட்டில் இந்தியாவுல தீபாவளி விளக்கு போட்டிருந்தாங்க. தீபாவளிக் கடைகள்ல எல்லா இனத்து ஜனமும் முறுக்கு வாங்கிட்டு, மருதாணி வச்சுட்டு, பிரியாணி வரிசையில நின்னுட்டிருந்தாங்க. நான் அந்தக் கூட்டத்துல நடந்துகிட்டே போன்ல ரூம் விளம்பரம் பார்த்துட்டிருந்தேன். தெருவுல எல்லாருக்கும் வேண்டிய வாசனை, நாலு சுவத்துக்குள்ள போனா வேண்டாததா ஆயிடுது. கோபம் வந்துச்சு. இன்னைக்கும் அதை நினைச்சா வருது.

இது பழைய கதை. 2011 ஆகஸ்ட்ல இங்க ஒரு செய்தி வெடிச்சுது. சீனாவிலிருந்து குடியேறின ஒரு குடும்பம், பக்கத்துல இருந்த இந்தியக் குடும்பம் சமைக்கிற கறி வாசனை தாங்கலன்னு புகார் பண்ணி, சமரச மையத்துக்குப் போயிருக்கு. பேசி முடிச்ச ஏற்பாடு, அந்தச் சீனக் குடும்பம் வீட்டுல இல்லாதப்போ மட்டும் இந்தியக் குடும்பம் கறி சமைக்கும். நடந்து சில வருஷம் கழிச்சுத்தான் விஷயம் பேப்பர்ல வந்துச்சு. ஊரே கொதிச்சுப் போச்சு. ஆகஸ்ட் 21, ஞாயித்துக்கிழமை, எல்லாரும் வீட்டுல கறி சமைங்கன்னு ஃபேஸ்புக்ல அழைப்பு. ஐம்பதாயிரம் பேருக்கு மேல சேர்ந்தாங்க. சீன வீடு, மலாய் வீடு, யூரேசியன் வீடு, எல்லா இடத்துலயும் அன்னைக்குக் கறி கொதிச்சுது. எனக்கு அந்த நாள் ரொம்பப் பிடிக்கும், அப்ப நான் பள்ளிக்கூடம் படிச்சுட்டிருந்தாலும். ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் கறி வச்சாச்சு. அதுக்கு அப்புறம் வந்த திங்கக்கிழமைகள்ல வாடகை விளம்பரம் பெருசா மாறல.

இப்ப இருக்கிறது வீவக அடுக்குமாடி, மூணாவது மாடி. இந்த வீடுகள்ல ஒவ்வொரு பிளாக்கிலும் இன்ன இனத்தவர் இத்தனை பேர்தான்னு 1989லிருந்து ஒதுக்கீடு இருக்கு. அதனால எதிர்வீடு மலாய்க் குடும்பம், பக்கத்துல சீன அங்கிள். எங்க அடுப்படி ஜன்னலும் அவர் ஜன்னலும் கை நீட்டினா தொடற தூரம். நான் காஞ்ச மிளகாய் தாளிச்சா அவர் இருமுவார், சுவர் தாண்டிக் கேட்கும். ஒரு நாள் நானே போய்க் கதவைத் தட்டினேன். "அங்கிள், நான் தாளிக்கும்போது சொல்லிடட்டுமா?" அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துட்டு, "ஏழாம் மாசம் நாங்க கீழ காகிதம் எரிப்போம், புகை உன் பெட்ரூமுக்கு வருமே, நீ சொன்னியா?"ன்னார். சீனக் காலண்டர்ல ஏழாம் மாசம் முன்னோருக்காகக் காகிதப் பணம் எரிப்பாங்க. உண்மைதான், ரெண்டு வருஷமா நான் ஜன்னலைச் சாத்திக்கிட்டு முனகிட்டிருந்தேன். அவருக்கு அது தெரிஞ்சிருக்கு.

இப்ப ஏற்பாடு இதுதான்: மிளகாய் தாளிக்கறதுக்கு முன்னாடி சுவத்துல ரெண்டு தட்டு. அவர் ஜன்னலைச் சாத்துவார். காகிதம் எரிக்கிற அன்னைக்கு அவர் ரெண்டு தட்டு. நான் துணியை எடுத்துருவேன். சமையல் நிக்கல, எரிக்கிறதும் நிக்கல. போன தீபாவளிக்கு முறுக்கு குடுத்தேன். டப்பாவைத் திருப்பித் தரும்போது, "அடுத்த வருஷம் இன்னும் காரமாப் போடு"ன்னார். மிளகாய்க்கு இருமுற அதே மனுஷன்.

சரி, போறவங்களுக்குச் சில தகவல். கேலாங் சிராய்க்கு வாரநாள்ல போங்க, வார இறுதியில நடக்கவே முடியாது. நாலரைக்குள்ள போனா வடைக்கு வரிசை குறைவு. பெருநாளுக்கு முந்தின ராத்திரி விடிய விடியக் கூட்டம் இருக்கும், மிச்சத்தைத் தள்ளி விக்கிறதால விலை இறங்கும். சைனாடவுன்லயும் புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி அப்படித்தான். கஞ்சிக்கு மூடி இறுக்கமா இருக்கிற பாத்திரம் எடுத்துட்டுப் போங்க, பிளாஸ்டிக் பையில வாங்கி ரயில்ல கொட்டிக்கிட்டு நின்ன நண்பன் எனக்கு ஒருத்தன் இருக்கான், பேர் சொல்ல மாட்டேன். தீபாவளிச் சந்தையில முறுக்கு வாங்கும்போது, முட்டை சாப்பிடாதவங்களுக்குன்னா அச்சு முறுக்கைத் தனியாக் கேட்டு வாங்குங்க. கடைக்குக் கடை மாறும்.

உங்க ஊர்ல, உங்க பிளாக்ல, உங்க ஆபீஸ்ல யார் என்ன சாப்பிட மாட்டாங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கடலை அலர்ஜி மாதிரி ஏதாவது கண்டிப்பா வெளிய வரும். அடுத்த வாரம் திரும்ப டேட்டாபேஸ். ஓடிராதீங்க.